மொட்டை மாடியில் பதினைந்து டன்

ஏற்காடு
8.1.2025

அன்பு மகன் பாலகுமாருக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். சென்னையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது? போன ஞாயிறு நீ போனில் பேசியதில் "ஹலோ" மட்டும் விளங்கியது. மீதிக்கெல்லாம் "ஆமா சாமி, ஆமா சாமி" என்று போட்டுக்கொண்டிருந்தேன். நீ பெண் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தால் அதற்கும் சம்மதம்தான். இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கிற மெஷினோடு நின்ற காது இது. இனி நமக்குள் கடிதம்தான். எட்டாவதை இரண்டு வருஷம் படித்தவன் நான். இரண்டு எட்டைக் கூட்டினால் பட்டதாரிக்கு மேல் வருகிறது.

விஷயம் என்னவென்றால், நான் சூப்பர்வைசராக இருக்கிற ஏரிக்கரைக் கட்டிடத்தில் மேல்மாடி ஹாலுக்கு ஏசி போடப் போகிறார் எங்கள் முதலாளி வேலுசாமி. "மலையில எதுக்குங்க ஏசி?" என்று கேட்டேன். "அட, கீழயிருந்து வர்றவங்க ஏசி இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் ஸ்வெட்டரே வாங்கறாங்க" என்றார். ஸ்பிளிட் ஏசி விற்கிறவர் ஒருவர் தினமும் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார். முதலாளி என்னிடம், "காளியண்ணா, உன்ற பையன் இந்த வேலையிலதானே இருக்கான்? நீ எதைச் சொல்றியோ அதையே போட்டறலாம்" என்று சொல்லிவிட்டார். என் பேச்சை நம்பும் முதல் ஆள். உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரித்தாள்.

ஹாலையும் அதன் மேலுள்ள மொட்டை மாடியையும் அளந்து படம் போட்டு வைத்திருக்கிறேன். டேப் கிடைக்கவில்லை. காப்பி நாற்று நடுகிற கயிறால் அளந்தேன். ஒரு முடிச்சுக்கு ஆறடி.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

உன் அப்பா
காளியண்ணன்


சென்னை
17.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாலகுமாரின் வணக்கம். நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

உங்கள் படத்தில் "பத்து முடிச்சு, ஏழு முடிச்சு" என்று இருந்ததைப் பார்த்து எங்கள் மேனேஜர் சிரித்தார். ஆறால் பெருக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவ்வளவு சரியாக இருக்கிறது.

ஸ்பிளிட் வேண்டாம் அப்பா. அது உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். இருநூறு பேர் உட்காருகிற ஹாலில் மூச்சு முட்டும், மழைக்காலத்தில் சுவர் பூசணம் பிடிக்கும். நமக்கு ஏற்றது ரூஃப்டாப் பேக்கேஜ் யூனிட். கம்ப்ரசர், ஃபேன் எல்லாம் ஒரே பெட்டிக்குள். மொட்டை மாடியில் உட்கார வைத்து, தளத்தில் துளை போட்டு, தகரக் குழாய் வழியாகக் காற்றை ஹாலுக்குள் இறக்க வேண்டும். வெளிக்காற்றை உள்ளே எடுக்க அதில் ஒரு கதவு உண்டு. ஏற்காட்டுக் குளிரில் பாதி நாள் கம்ப்ரசரே ஓட வேண்டாம், அந்தக் கதவைத் திறந்தால் போதும். பதினைந்து டன் சரியாக இருக்கும். பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிர்ந்து சீக்கிரம் நின்றுவிடும், ஈரம் போகாது.

ஏரிப் பக்கம் முதலாளி மகள் கீர்த்தனா காப்பிக் கடை போடப் போவதாகக் குறித்திருக்கிறீர்கள். ஆகவே மலைப் பக்கம்தான். அங்கே தகரக்கூரை போட்ட வாட்ச்மேன் ரூம் ஒன்று இருக்கிறதே, அதுதான் சரியான இடம். அதற்கு நேர் கீழே தூண்கள் வருகின்றன. ரூமை இடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஜூனுக்குள் நானாகப் பிடித்த ஓர் ஆர்டரையாவது காட்டினால் என்னை நிரந்தரம் ஆக்குவார்கள். இல்லாவிட்டால் என் ஒப்பந்தம் அத்தோடு முடிகிறது. அதற்காக உங்களை வற்புறுத்துவதாக நினைக்க வேண்டாம். மெஷின் உண்மையிலேயே நல்ல மெஷின்.

அன்புடன்
பாலகுமார்


ஏற்காடு
22.1.2025

மச்சான் கமலக்கண்ணனுக்கு,

காளியண்ணன் எழுதுவது. மாரமங்கலத்தில் எல்லோரும் சௌக்கியமா? மகள் மேகலாவுக்கு எத்தனை மாதம் ஆகிறது? உன் அக்கா தினமும் கேட்கிறாள்.

ஒரு சங்கடம். எஸ்டேட் ஊட்டைக் காலி செய்தபோது, "உன் தயவில்லாமயே நான் ஊடு பாத்துக்குவேன்" என்று பையனிடம் வீறாப்பாகப் பேசினேன் அல்லவா? ஏரிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு, வாசலில் ரோஜாச் செடி என்று நான் அவனுக்கு எழுதி ஒன்றரை வருஷம் ஆகிறது. ரோஜாச் செடி கொஞ்சம் அதிகம்தான். நானும் உன் அக்காவும் இந்தக் கட்டிடத்து மொட்டை மாடியில் வாட்ச்மேன் ரூமில் இருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். சூப்பர்வைசர் என்றால் கேட்டைப் பூட்டித் திறக்கிறவன் என்பதும் உனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு அவன் வந்தபோது "ஊட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க" என்று உன் ஊட்டிலேயே அவனைத் தங்க வைத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். போன தீபாவளிக்கு அவனுக்கு லீவு இல்லை. பொய் ஒரு வருஷம் இளைப்பாறியது.

இப்போது ஏசி வைக்கப் படம் கேட்டான். நானே கயிறு பிடித்து அளந்து அனுப்பினேன். அவன் அந்தப் படத்தில் எங்கள் ரூமின் மேலேயே பெட்டியை வரைந்து, இடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அவன் வேலை நிலைப்பதே இந்த ஆர்டரில்தான் இருக்கிறது. "ஸ்பிளிட்டே போதுங்க" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் ரூம் தப்பிக்கும், பையன் நடுத்தெருவில் நிற்பான். உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து எங்களை மூட்டை கட்டுவான். அங்கே ஒரு அறையில் நாலு பேரோடு படுக்கிறவன் எங்களை எங்கே படுக்க வைப்பான்?

உன் ஊட்டில் இரண்டு பேருக்கு இடம் உண்டா? தயங்காமல் எழுது. இல்லை என்று எழுதினாலும் உன்னை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், வேறு மச்சான் இல்லை.

காளியண்ணன்


மாரமங்கலம்
1.2.2025

மாமாவுக்கு,

வணக்கமுங்க. இங்கு எல்லோரும் நலம். மேகலாவுக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேதான் வந்திருக்கிறாள். மிளகு பறிப்பு நடக்கிறது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

மனசு கஷ்டப்படாதீர்கள். இப்போதைக்கு இன்னும் ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருக்கிறது. அக்கா மட்டும் என்றால் நாளைக்கே வரலாம். பையனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவன் ஒன்றும் உங்களைக் கடித்துத் தின்ன மாட்டான். இதில் அக்கா என்ன சொல்கிறாள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. அக்காவைக் கேட்டீர்களா?

கமலக்கண்ணன்


ஏற்காடு
5.2.2025

அன்பு மகனுக்கு,

அப்பாவின் ஆசிகள். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் சளி விட்டதா?

உன் கணக்கை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். எனக்குப் புரியாத இடங்களில் குரலை உயர்த்திப் படித்தேன், நன்றாக எடுபட்டது. பதினைந்து டன் என்றதும் கட்டிடம் உட்கார்ந்துவிடும் என்று அவரும் பயந்தார், நானும் பயந்தேன். டன் என்பது குளிர வைக்கிற சக்தி, பெட்டியின் எடை ஒரு டன்தான் என்று நீ தனிச் சீட்டில் எழுதியிருந்ததைக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. ரூஃப்டாப்தான் என்று முடிவாகிவிட்டது. ஸ்பிளிட்காரருக்கு இன்றோடு காப்பி கிடையாது.

ஒரே ஒரு சிக்கல், இடம். அந்த வாட்ச்மேன் ஒரு கிழட்டு மனுஷன். உன் அப்பன் வயசு, உன் அப்பன் மாதிரியே வாய். போக வேறு இடம் இல்லை போலிருக்கிறது. ரூமை இடிப்பானேன்? ரூமுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இரண்டரை முடிச்சு இருக்கிறது, பதினைந்து அடி. உன் பெட்டி ஏழடி அகலம். இரண்டு பக்கமும் நாலு நாலடி மிஞ்சும். அங்கே வைத்தால் என்ன? யோசித்து எழுது சாமி.

உன் அப்பா


சென்னை
14.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. அம்மா போனில் "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை, ஏன்?

நீங்கள் சொன்ன இடம் முடியும். இரண்டு பீம்களுக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு நிறுத்தலாம். பெட்டியைச் சுற்றி வேலை செய்ய நாலடி போதும். மேனேஜர் பார்த்துச் சரி என்றார். ஆனால் அந்த ரூமில் ஆள் இருக்கப் போகிறார் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தாலும் நாலடியில் சத்தம் சுவரைத் தாண்டி வரும். ஃபேன் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்ப்ரசரின் உறுமல் இருக்கிறதே, அது தரை வழியாக ஏறும். மனிதன் வருஷக்கணக்கில் அதன் பக்கத்தில் இருக்க முடியாது. நான் சைட்டில் ஒரு வாரம் அப்படித் தூங்கிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாட்ச்மேன் தாங்குவாரா? அந்த ரூமில் அவரைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா? இதைச் சரியாகக் கேட்டு எழுதுங்கள். ஆள் இருந்தால் நான் வேறு வழி பார்க்கிறேன். தாமதமாகும், ஆனால் பார்க்கிறேன்.

பாலகுமார்


ஏற்காடு
19.2.2025

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் நேற்று வந்தது.

வாட்ச்மேனைக் கேட்டேன். அவனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. நானும் அவனும் பேச ஆரம்பித்தால் ஏரியில் போகிற படகு திரும்பிப் பார்க்கிறது. உன் மெஷின் அவன் தலைமாட்டில் உறுமினாலும், யாரோ தாலாட்டுகிறார்கள் என்று நினைத்துத் தூங்குவான்.

அந்த ரூமில் வேறு யாரும் இல்லை.

வேறு வழி பார்க்கிறேன், தாமதம் என்றெல்லாம் எழுதாதே. ஜூன் தூரத்தில் இல்லை. முதலாளி கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது.

அப்பா


ஏற்காடு
29.5.2025

அன்பு மகனுக்கு,

அப்பாவின் ஆசிகள். நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது. வேறு சைட்டில் மாட்டிக்கொண்டு நீ வர முடியாமல் போனதில் வருத்தம்தான். ஆனாலும் உன் ஆட்கள் தங்கமான பிள்ளைகள்.

பெட்டி வந்த லாரி இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வந்த பஸ்காரர்கள் உன் பெட்டியை வாழ்த்திய வாழ்த்து எனக்கே கேட்டது. கிரேன் தூக்கியபோது முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நம் பையன் வாங்கிக் கொடுத்த பெட்டி ஆகாசத்தில் போகிறது என்று பக்கத்தில் நின்ற காப்பிக்கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஹால் ஒரு நாளும் சும்மா இல்லை. கம்பெனிக்காரர்கள் பயிற்சி, கல்யாணம், காதுகுத்து. காலையில் ஆறு மணிக்கு ஓடத் தொடங்குகிறது. வெளிக்காற்றுக் கதவைத் திறந்து கம்ப்ரசருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று நீ எழுதியதை முதலாளியிடம் சொன்னேன். "வந்தவங்களுக்கு ஏசி காத்துதான் வேணும், மலைக் காத்து வெளியிலயே கிடைக்குது" என்றுவிட்டார். ஃபில்டர் கழுவும் பொறுப்பை எனக்கே கொடுத்திருக்கிறார். பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போன அம்மா, மாரமங்கலத்துக் கூட்டத்தோடு அப்படியே மாமா ஊட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். நிம்மதியாகத் தூங்கினேன் என்றாள். பேத்தி பிறந்த ஊட்டில் யார் தூங்குவார்கள்? என்னமோ சொல்கிறாள்.

உன் வேலை நிரந்தரம் ஆன செய்தியை உடனே எழுது.

உன் அப்பா


மாரமங்கலம்
3.8.2025

ஏனுங்க,

மாதம்மாள் எழுதறது. பஸ்ஸு நல்லபடியா வந்து சேந்துச்சு. மேகலா கொழந்தைக்குச் சளி விட்டுருச்சு. பருப்புப் பொடி செவப்பு மூடி டப்பாவுல இருக்குது. நேரத்துக்குச் சாப்புடுங்க.

கோவத்துல வரலீங்க. உங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்குது. வெடிஞ்சா ஆரம்பிச்சுதுன்னா பொழுதடைஞ்ச பொறவும் நிக்கறதில்ல. காதைப் பொத்துனா பல்லுல கேக்குது. கொடத்துத் தண்ணி நடுங்குது. நீங்க அதைப் பாத்துட்டு "தண்ணி டான்ஸ் ஆடுது பாரு மாதம்மா"ன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். பழகிரும் பழகிரும்னு மூணு மாசம் பாத்தேன். பழகலீங்க.

மிசினை ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். அது நம்ம பையனுக்குச் சோறு போடுது. அவங்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

துணி எடுக்கறப்ப பொட்டிக்கு அடியில அவன் எழுதுன கடுதாசி கெடச்சுது. அந்த ரூமுல வேற யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டிருந்தான். என்ற பையன் கேட்டிருக்கான். நொம்ப நேரம் அந்த வரியையே பாத்துட்டு இருந்தேன். நீங்க என்ன பதில் எழுதுனீங்கன்னு நான் கேக்கலீங்க.

இங்க ஒரு பாய்க்குத்தான் எடம். ஒடம்பைப் பாத்துக்கங்க. தலைக்கு மப்ளர் கட்டிக்கங்க, அங்க காத்து மோசம்.

மாதம்மாள்


சென்னை
30.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. அம்மாவின் போன் எப்போதும் மாமா ஊட்டில்தான் எடுக்கப்படுகிறது. கேட்டால் "கொழந்தையப் பாக்க வந்தேன் கண்ணு" என்கிறார். எல்லோரும் நலம்தானே?

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. போனில் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ என்று மறுபடி எழுதுகிறேன். எங்கள் ஆபீஸில் ஏற்காடு வேலையைப் படம் எடுத்து மாட்டியிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் அந்த ரூமும் தெரிகிறது. கொடியில் ஒரு துண்டு காய்கிறது. நீங்கள் சொன்ன வாட்ச்மேன் தாத்தா துண்டு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் லீவு. மெஷினையும் பார்க்க வேண்டும், உங்களையும் பார்க்க வேண்டும். இந்த முறை மாமா ஊடு வேண்டாம். நம் வீட்டில்தான் தங்குவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வர வேண்டும் என்று வழி எழுதுங்கள்.

பாலகுமார்


ஏற்காடு
8.10.2025

அன்பு மகன் பாலகுமாருக்கு,

அப்பா எழுதுவது. உன் வேலை நிலைத்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எட்டாவது பத்தவில்லை.

வழி கேட்டாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏரிக்கரைக்கு வா. நீ பெட்டி அனுப்பிய கட்டிடம். படி ஏறு. ஹாலைத் தாண்டி இன்னும் பதினெட்டுப் படி. மொட்டை மாடியில் மலைப் பக்கம், தகரக்கூரை. ரோஜாச் செடி கிடையாது. கொடியில் காய்ந்தது என் துண்டு.

திட்டுவதை வந்து திட்டு. கேட்காத மாதிரி இருக்க மாட்டேன், இடது காதைப் பக்கத்தில் கொண்டுவருகிறேன்.

உன் அம்மா மாரமங்கலத்தில் இருக்கிறாள். ஆவணியில் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்க் கூப்பிட்டேன். சோறு போட்டாள். "சத்தம் நின்னுருச்சுங்களா?" என்று கேட்டாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. என்னால் இங்கிருந்து கிளம்பவும் முடியாது. வாராவாரம் ஃபில்டரைக் கழுவி, தண்ணீர்க் குழாயில் அடைக்கிற சருகை எடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. உன் முதல் ஆர்டர். அது ஒரு நாள் நின்றாலும் உன் பெயரைத்தான் சொல்வார்கள்.

காலையில் எழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று அப்படித்தான் எனக்குத் தெரிகிறது. காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி நடுங்குகிறது. இதை அவள் பல்லில் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் எனக்குச் சோறு பொங்கியிருக்கிறாள். குடத்துத் தண்ணீர் ஆடியதைப் பார்த்து நான் சிரித்தேன். நிறைய விஷயத்துக்குச் சிரித்துப் பழகிவிட்டேன் சாமி, அதில் இதையும் சேர்த்துவிட்டேன். மச்சான் அப்போதே கேட்டான், அக்காவைக் கேட்டீர்களா என்று. என் காது கேட்கவில்லை, சரி. நான் வாயால்கூட அவளைக் கேட்கவில்லை.

உன் மெஷின் நல்ல மெஷின். அதன் மேல் குற்றம் இல்லை. நீ கணக்குப் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாய்.

தீபாவளிக்கு முதலில் மாரமங்கலம் போய் அம்மாவைப் பார். பிறகு இங்கே வா. இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. மாசியில் நான் உனக்கு எழுதிய கடிதம் இன்னும் உன்னிடம் இருக்கும். அந்த ரூமில் வேறு யாரும் இல்லை என்று ஒரு வரி எழுதியிருப்பேன், பார். அன்றைக்கு அது பொய். இப்போது அதை அடித்துத் திருத்த வேண்டியதில்லை.

உன் சுகத்துக்கு எழுது.

உன் அப்பா
காளியண்ணன்
வாட்ச்மேன்